அழுதாலும் உரிமம் கிடைக்கும்

அன்புள்ள என் டாக்டரம்மாவுக்கு,

நானும் நம் வாண்டும் சௌக்கியம். டாக்டர் இல்லை, பள்ளி உளவியலாளர், அதுவும் இன்னும் ஆகவில்லை என்று திருத்துவாய். தெருவே அப்படித்தான் சொல்கிறது, நான் என்ன செய்ய?

உன் கடிதம் கிடைத்தது. பயிற்சியும் வேண்டாம் உரிமமும் வேண்டாம், பாதியிலேயே வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். பெற்ற பெண்ணே போனில் பேச மாட்டேன் என்கிறாள், ஊரார் பிள்ளைகளின் மனதை நான் என்ன பார்ப்பது என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் எனக்கு இந்த வாரம்தான் கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை ஒரு பல் வைத்தியருக்குக் கார் ஓட்டப் பழக்கிக்கொண்டிருந்தேன். ஊரையே வாயைத் திறக்க வைக்கிற மனிதர், வளைவைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிறார். அப்போது பள்ளியிலிருந்து அழைத்தார்கள். நம் வாண்டு புத்தகப் பையை முதுகிலிருந்து கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தாளாம். கழற்றப் போன டீச்சரின் கையைக் கடித்துவிட்டாளாம். வைத்தியரையும் பின் சீட்டில் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

நூலக மூலையில், பையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே, வாரம் ஒருமுறை அந்தப் பள்ளிக்கு வரும் உளவியலாளர் அம்மா, அவரும் தரையில். ஏன் கடித்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருவரும் ஒரே தாளுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கதவருகே நிற்கும்படி கை காட்டினார். வெகு நேரம் கழித்து வாண்டு தானாகவே வாய் திறந்தாள். "பை முதுகுல இருந்தா அம்மா பின்னாலேருந்து கட்டிப் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். பிறகு, "அம்மா குரலைக் கேட்டா அழுகை வரும். நான் அழுதா அம்மா ஓடி வந்துடுவாங்க. பாதியில வந்தா லைசன்ஸ் குடுக்க மாட்டாங்கன்னு அப்பா பக்கத்து வீட்டு மாமாகிட்ட சொன்னாரு" என்றாள்.

பட்டம் முடிந்தது, மேற்பார்வையாளரின் கீழ் ஒரு வருடப் பயிற்சி, பிறகு தேர்வு, நன்னடத்தைச் சான்று, பயிற்சியை நடுவில் விட்டால் மறுபடி முதலிலிருந்து என்று நான் பெருமையாக அளந்ததெல்லாம் அந்தச் சின்னக் காதில் விழுந்திருக்கிறது. கோபத்தில் அல்ல, உன் உரிமத்துக்குக் காவல் இருந்துதான் அவள் உன்னோடு பேசவில்லை.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "அழுதாலும் லைசன்ஸ் குடுப்பாங்கடா கண்ணு. நான் பயிற்சிக்குப் போனப்போ என் பொண்ணு அழுதா, நானும் அழுதேன். குடுத்துட்டாங்களே" என்றார். நிஜமாகவா என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டாள் நம் மகள். டீச்சரிடம் மன்னிப்பும் கேட்டாள். வண்டியில் ஏறியதும் அழுதாள் பார், வீடு வரைக்கும். பின் சீட்டில் வைத்தியர் கைக்குட்டையைத் தேடினார். அன்று வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினாள்.

உன் உரிமத்துக்கு என்னென்ன வேண்டும் என்பதை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். அது எதற்காக என்பது அந்த நூலகக் கதவருகே நின்றபோதுதான் விளங்கியது. நீ இருக்கும் பள்ளியிலும் இப்படி வாயை மூடிக்கொண்டு ஒரு பிள்ளை இருக்கும். அதன் எதிரே தரையில் உட்கார ஒருவர் வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை அவளே உன்னை அழைப்பாள். அழுவாள். அழட்டும், நீயும் அழு. நடுவே என் குரல் கரகரத்தால் ஜலதோஷம் என்று வைத்துக்கொள். ஆனால் நீ அங்கேயே இரு, கண்ணம்மா. பயிற்சியை முடித்துவிட்டு வா.

நலமே சூழ,
உன் வீட்டுக்காரன்