ரோஜா ஏற்றிய விமானமும் அந்த மேனேஜரும்

அண்ணா,

இன்று காலை ஒரு கல்யாண மண்டபத்தில் ரோஜாப் பெட்டிகளைத் திறந்தார்கள். ஈர அட்டையும் பூவும் கலந்த அந்த வாசம் எழுந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் ரசித்து மூச்சை இழுத்தார்கள். எனக்கு அதோடு சேர்ந்து விமான எரிபொருளின் நாற்றமும் வந்தது. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நம் கம்பெனியின் பழைய சரக்கு விமானத்துக்கு நீங்கள் கேப்டன், நான் துணை விமானி. அத்திபெலே பக்கத்துத் தோட்டங்களின் ரோஜாவைப் பம்பாய்க்குக் கொண்டு போவோம். இடது எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது, கழற்றிப் பார்க்க வேண்டும் என்று மேனேஜரிடம் சொன்னீர்கள். அவன் தரையில் ஓட்டிப் பார்க்கச் சொன்னான். தரையில் அது சமர்த்தாக ஓடியது.

"பாத்தீங்களா சார், நல்லாத்தானே இருக்கு? பூ வாடிடும், கிளம்புங்க" என்றான். எஞ்சினைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அது சத்தம் போடும் என்பதுதான்.

சக்கரம் தரையை விட்ட சற்று நேரத்தில் அந்த எஞ்சின் வெடித்து நின்றது. அத்தனை பாரத்தோடு மேலே ஏற முடியவில்லை. எதிரே வீடுகள். மொட்டை மாடியில் காய்ந்த புடவையின் நிறம்கூடத் தெரிந்தது. நீங்கள் வலப்பக்கம் திருப்பி, வற்றிக் கிடந்த ஏரிக்குள் வயிறு தேய இறக்கினீர்கள். எனக்குக் கை முறிந்தது, உங்களுக்கு முதுகெலும்பு. அந்த வீடுகளில் யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் பையோடு வந்தான் மேனேஜர். பூப்பெட்டி ஏதாவது தேறுமா என்றுதான் முதலில் கேட்டான். பிறகு வெளியே போய், கேப்டன் பயந்துவிட்டார், இல்லையென்றால் விமானத்தைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கலாம் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னான். மறுநாள் அது அச்சில் வந்தது. நான் கைக்கட்டோடு அவனைக் கேட்கக் கிளம்பினேன். நீங்கள் தடுத்தீர்கள்.

"ஸ்வல்ப பொறுத்துக்கப்பா. விசாரணையில எல்லாம் தெரியும்."

தெரிந்தது. எஞ்சின் கோளாறுதான் காரணம், கேப்டன் செய்தது சரி என்றார்கள். அதற்குள் ஊர் மறந்திருந்தது. நீங்கள் மறுபடி பறக்கவே இல்லை. அவன் சொந்தமாகக் கம்பெனி தொடங்கினான். வழியில் அவனைப் பார்த்தால் நீங்கள் வணக்கம் சொல்வீர்கள். அதை மட்டும் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. அவனைப் போன்ற புழுக்கள் உங்களைப் போன்றவர்களின் மரியாதையைத் தின்றுதான் கொழுக்கின்றன.

லிங்கராஜபுரத்தில் உங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு உங்களைக் கிடத்தியிருந்தபோது அவனும் வந்தான். கறுப்புக் கண்ணாடி, ஆள் உயரத்துக்கு மலர்வளையம். ஜெபம் முடிந்ததும் யாரும் கூப்பிடாமலே மைக்கை எடுத்தான். நீங்கள் அவனுக்கு உடன்பிறப்பாம், ஒரு பேட்டையையே காப்பாற்றிய வீரராம். நடுவில் குரலை வேறு உடைத்துக் காட்டினான். சவப்பெட்டியருகே உட்கார்ந்திருந்த அண்ணி நிமிர்ந்தார்.

"அன்னைக்கு என் வீட்டுக்காரர் பயந்துட்டார்னு சொன்னீங்க. அது பொய்னு முதல்ல சொல்லுங்க."

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?"

"இப்பதான். இவர் முன்னாடியே சொல்லுங்க."

மைக் கையில்தான் இருந்தது. ஊரே காத்திருந்தது. அவன் மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டுக் காரைத் தேடிப் போனான். மலர்வளையத்தைத் தெருவில் வைக்கச் சொன்னார் அண்ணி. நான்தான் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். அவ்வளவு பெரிய கூட்டத்தில் உங்களுக்காகப் பேசியது அவர் ஒருவர்தான்.

போன வாரம் ஹைதராபாத் கிளம்பும் நேரத்தில் எண்ணெய் அழுத்தம் குறைவாகக் காட்டியது. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிவிட்டேன். இப்போதைய மேனேஜர், நேற்று டை கட்டக் கற்றவன், போனில் கத்தினான்.

"அப்ப நீங்களே வந்து ஓட்டுங்க சார். நான் கீழ நின்னு கை காட்டறேன்" என்றேன். போனை வைத்துவிட்டான்.

வாழ்நாளில் ஒரு தடவையாவது நீங்கள் இப்படிச் சொல்லியிருக்கலாம், அண்ணா. உங்கள் நிதானத்தை எனக்கு விட்டுப் போகவில்லை, நல்லதாயிற்று. நீங்கள் சொல்லாமல் விழுங்கியதெல்லாம்தான் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்லித் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.