கணக்குத் தப்பிப் பிறந்தவள்

ஜூலை 11, வெள்ளி

விடிந்ததிலிருந்து தூறல். கொடியில் போட்டது எதுவும் காயவில்லை. என் காலேஜ் யூனிஃபார்முக்கு இஸ்திரிப் பெட்டிதான் வெயில்.

அக்கா வந்துவிட்டாள். பேகம்பேட்டிலிருந்து ஆட்டோவில்: இரண்டு பெட்டி, ஒரு வயிறு, ஒரு ஜோயல். ஜோயல் அவள் மகன், மூன்று வயது, எதையும் கடித்துப் பார்த்துத்தான் நம்புவான். இரண்டாவது பிரசவம் நம் வீட்டில். முதல் பிரசவத்தில் வலிப்பு வந்து ஐசியூவில் கிடந்தாளே, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்த முறை ஆபரேஷன்தான், வரும் வியாழக்கிழமை.

பழைய கட்டில், ஜன்னல் பக்கம் அவளுக்கு. தெலுங்கு ஊரில் அப்பாவுக்குக் கொடுத்த ரயில்வே குவார்ட்டர்ஸ், மெட்டுகுடாவில்; ரயில் போனால் ஜன்னல் கம்பி தடதடக்கும். அந்தச் சத்தத்தின் மறைவில்தான் அந்தக் காலத்தில் பிஸ்கட் டப்பா திறப்போம். இன்றும் ரயில் வந்தது. டப்பாவோடு தயாராக உட்கார்ந்திருந்தேன். அவள் தூங்கிப்போயிருந்தாள்.

சாயங்காலம் குண்டு வெடித்தது. அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்க, அக்கா ரொம்பச் சாதாரணமாக:

"அம்மா, இனிமே பிள்ளையே கூடாது, உயிருக்கு ஆபத்துன்னுட்டாங்க டாக்டர். இந்த ஆபரேஷனோடயே குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிடலாம்னாங்க. நானும் சரின்னுட்டேன்."

கத்தி நின்றது.

"யாருகிட்ட கேட்டுட்டு சரின்ன?"

"எங்கிட்டத்தான்."

அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். ஓடிக்கொண்டிருந்தது சோப்பு விளம்பரம்.

ஜூலை 12, சனி

மழை இல்லை. வீட்டுக்குள் மட்டும் மேகமூட்டம்.

மற்ற வீட்டில் இது ஒரு விஷயமே இல்லை. நம் வீடு வேறு. மாதா கோயிலில் கல்யாணம் முடிக்கப்போகிற ஜோடிகளுக்கு வகுப்பு உண்டு. அதில் இயற்கை முறைப் பாடம் எடுப்பது அம்மாவும் அப்பாவும். (இனி இ.மு. கை வலிக்கிறது.) மாத்திரை, உறை, ஆபரேஷன் எதுவும் திருச்சபைக்கு ஆகாது. உடம்பின் அறிகுறி பார்த்து, நாள் பார்த்து, காத்திருக்கலாம். அது மட்டும் ஆகும். அதற்கு ஒரு சார்ட், கலர் ஸ்டிக்கர். பச்சை என்றால் கவலையில்லை. குழந்தைப் படம் போட்டது என்றால் தள்ளி நில்.

எனக்கு ஆறு வயதில் நானும் அக்காவும் குழந்தை ஸ்டிக்கர் மொத்தத்தையும் அப்பாவின் ஸ்கூட்டரில் ஒட்டினோம். கவனிக்காமல் ரயில்வே ஆபீசுக்கு அதிலேயே போய்விட்டார். ஆபீஸே கைகுலுக்கி வாழ்த்தியது. விளக்குவதைவிடச் சுலபம் என்று எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். அக்கா தரையில் உருண்டு சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அதற்குப் பிறகு நான் யாரிடமும் சம்பாதிக்கவில்லை.

இன்று அந்தக் கதையை எடுத்துவிட்டேன். "ம்" என்றாள். வெறும் ம்.

முக்கியக் குறிப்பு: நான் அக்காவுக்குப் பதினொரு வருடம் கழித்து வந்தவள். இ.மு.வை நம்பியிருந்தபோது வந்தவள். வாத்தியார் வீட்டு அரியர். வகுப்பில் அம்மா என்னைக் காட்டி, "கர்த்தர் குடுத்த போனஸ்" என்பாள். நான் எழுந்து இடுப்பை வளைத்து வணக்கம் போடுவேன். ஹால் சிரிக்கும். வருடக்கணக்காக ஓடுகிற ஐட்டம்.

ஜூலை 13, ஞாயிறு

பூசை முடிந்து வகுப்பு. எனக்கு டீ டிபார்ட்மென்ட்.

ஒரு மாப்பிள்ளைப் பையன்: "ஆண்ட்டி, இது இன்கம்டாக்ஸவிட கஷ்டமா இருக்கே!" சிரிப்பு. அம்மாவும் சிரித்தாள். பிறகு, நீல சுடிதார் போட்ட பெண் எழுந்தாள்.

"இன்னொரு பிள்ள பெத்தா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொன்னா? அப்பவும் இதேதானா, ஆண்ட்டி?"

இந்தக் கேள்வி எப்போதும் வரும். பதில் எனக்கே மனப்பாடம்: காத்திருக்க முடியும்மா, அன்புன்னா அதுவும்தான். அம்மா "அப்பவும்..." என்று ஆரம்பித்தாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி குடித்தாள்.

அப்பா எழுந்து, "டீ குடிச்சிட்டுப் பேசுவோமே."

டீ இன்னும் கொதிக்கவே இல்லை.

ஜூலை 14, திங்கள்

காலேஜுக்கு மட்டம் (வயிற்றுவலி, நடிப்பு சுமார்).

அம்மா பங்குச் சாமியாரைப் பார்த்துவிட்டு வந்தாள். சாமியார் சொன்னாராம்: "போதனை இதுதான்மா, நான் மாத்திச் சொல்ல முடியாது. ஆனா உங்க மகள நான் திட்ட மாட்டேன். ஜெபிக்கிறேன்." அம்மாவுக்கு அது போதவில்லை. திட்டுவார், இல்லை பரவாயில்லை என்பார் என்று போயிருப்பாள்.

நேரே அக்காவிடம். "ஏட்டி, மாப்பிள்ளையக் காத்திருக்கச் சொல்லு. நாங்க இருக்கலையா? உங்கப்பா தினம் காலையில என் மொகத்தப் பாத்து, இன்னைக்கு எப்படி இருக்கன்னு கேப்பாரு. எந்த வீட்டுல கேக்காவ? இந்த முறை குடுத்ததுதான் அது."

உண்மை. இன்று காலையும் கேட்டார்.

அக்கா: "அப்பா நல்லவருதான்மா. எங்க வீட்டுக்காரரும் நல்லவருதான். நல்லவங்க வீட்டுலயும் கணக்கு தப்புதே."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பழக்கதோஷம், எழுந்துவிட்டேன். வணக்கம் போட வரவில்லை.

"ஹவ், ஆமா, நான்தான் அது. நான் வந்தப்ப நீ சிரிச்சம்மா. என்ன மாதிரி ஒண்ணு இவளுக்கு வந்தா இவ செத்துருவா. அப்ப யாரு சிரிக்க?"

யாரும் சிரிக்கவில்லை. ஜோயல் மட்டும் கைதட்டினான்.

"உன்னத் தப்புன்னு யாருட்டி சொன்னா?" என்றாள் அம்மா. உள்ளே போனாள். குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

ஜூலை 16, புதன்

நல்ல மழை. அம்மா அக்காவுக்கு எண்ணெய் வைத்து, ஸ்கூல் நாளில் போல ரெட்டைப் பின்னல் போட்டாள். இழுத்துப் பின்னினாள். அக்கா "ஆ" என்றால், "ஆடாம இரு." அதுதான் அன்றைக்கும் வசனம்.

பிறகு அக்கா என் காதில், "பயமா இருக்குட்டி." சின்ன வயதில் குவார்ட்டர்ஸ் காம்பவுண்டு சுவர் மேலே நடந்து காட்டியவள். கையைப் பிடித்துக்கொண்டேன்.

நாளைக்கு அம்மா வருவாளா? அவளிடமே கேட்டேன். "ஜோயலுக்குச் சட்டையை மாத்து" என்றாள்.

ஜூலை 17, வியாழன்

மாரெட்பள்ளி ஆஸ்பத்திரி. அத்தான் மாத்திரை வாங்க ஓடினார். அம்மா வந்தாள், எங்களுக்கு முன்னால் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து.

நர்ஸ் தெலுங்கில் கேட்டாள், குடும்பக் கட்டுப்பாடும் சேர்த்துத்தானே என்று. கேட்டது அம்மாவைப் பார்த்து. வயதில் பெரியவள் என்று.

"ஆமெ செப்பிந்தி கதா," என்றாள் அம்மா. அவள்தான் சொல்லிவிட்டாளே.

வெளியே பெஞ்சில், அப்பாவிடம்: "அடுத்த வகுப்புக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லுங்க."

"ஏன்?"

"அந்தப் பிள்ள கேட்டுச்சே. எங்கிட்ட இன்னும் பதில் இல்ல."

அப்பா அவள் முகத்தையே பார்த்தார். "சரி" என்றார்.

பெண் குழந்தை. கத்துகிற கத்தலுக்கு என் வாரிசு.

மதியம் அக்கா அரைக்கண் திறந்தாள். "அம்மா... அதுவும் பண்ணிட்டாங்களா?"

"பண்ணியாச்சு. தூங்கு."

அம்மா கட்டைவிரலால் அக்கா நெற்றியில் சிலுவை போட்டாள். நானும் நெற்றியை நீட்டினேன். எனக்கும் ஒன்று போட்டாள், கொஞ்சம் அழுத்தமாக.