அரைப்பேர் வேண்டாம் என்றவளுக்கு

இன்று காலை திரையில் அந்தச் சிவப்பு வரி வந்தது. உனக்கு நன்றாகத் தெரிந்த வரிதான். இந்தக் கிளாஸுக்குச் சீரான ஒரு வரிசை அமைக்க முடியவில்லை என்று பைத்தன் மொழி கைவிரித்துவிட்டது. தேயிலைத் தோட்டங்களுக்கு நாம் எழுதிய புரோகிராமில் ஓர் இடத்தில் மலை வேலையை முதலாகவும் பேக்டரி வேலையை இரண்டாவதாகவும் எழுதியிருக்கிறேன். இன்னோர் இடத்தில் பேக்டரி முதல், மலை இரண்டாவது. பிறகு அந்த இரண்டிலிருந்தும் மூன்றாவதாக ஒன்றைப் பிறப்பிக்கப் பார்த்தால் அது எப்படிப் பிறக்கும்? இந்த நேரத்துக்கு நீ நாற்காலியை உருட்டிக்கொண்டு என் பக்கம் வந்திருப்பாய். "என்னடி பெரகல, மறுபடியும் குடும்பச் சண்டையா?" என்று கேட்டிருப்பாய். நான் திரையை விட்டுவிட்டு உன் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை. தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

என் பெயரைச் சொல்லி நீ கூப்பிட்டதே குறைவு. பெரகல சந்தியில் அப்பாவுக்குக் கடை என்று வேலைக்கு வந்த முதல் நாள் சொன்னதோடு என் பெயர் போயிற்று. பதிலுக்கு உன்னைக் கச்சேரி மகள் என்று கூப்பிட்டுப் பார்த்தேன். உனக்கு அது ஒட்டவில்லை. எந்த ஊர்ப் பெயரும் உன்மேல் சரியாக ஒட்டியதில்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

உன் அப்பா யாழ்ப்பாணத்துக்காரர். பதுளை அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக வந்து, இங்கேயே ஊன்றிப்போனவர். அம்மா மடுல்சீமையில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, தோட்டத்துப் பாலர் பள்ளியில் டீச்சராக இருந்தவர். வீட்டில் நீ அப்பாவுக்கு "ஓம்" சொன்னாய், அம்மாவுக்கு "ஆமா" சொன்னாய். அப்பாவின் ஊருக்குப் போனால் உன்னுடைய "ஆமாங்க"வைக் கேட்டு மச்சாள்மார் சிரிப்பார்களாம். மடுல்சீமைக்குப் போனால் உன் "ஓம்" அவர்களுக்கு வேடிக்கை. யாழ்ப்பாணத்தில் நீ மலைநாட்டுப் பிள்ளை. மடுல்சீமையில் யாழ்ப்பாணத்துப் பொண்ணு. இரண்டு வீட்டிலும் உனக்குப் பாயும் தலையணையும் தனியாக எடுத்து வைத்திருப்பார்கள், விருந்தாளிக்கு எடுத்து வைப்பதைப் போல. இதையெல்லாம் சிரித்துக்கொண்டுதான் சொல்வாய். எனக்குத்தான் கேட்கக் கேட்க எரிச்சல் வரும்.

ஆனால் அலுவலகத்தில் தொலைபேசி அடித்தால் நீ எடுத்துச் சொல்வது இரண்டிலும் சேராது. "ஓம், சொல்லுங்க." யாழ்ப்பாணத்தில் என்றால் சொல்லுங்கோ என்றிருப்பார்கள், தோட்டத்தில் ஓம் என்ற பேச்சே இல்லை. அதை உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அது உன்னுடையது.

புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு இந்த வரிசைச் சமாச்சாரம் புரியாவிட்டால் நீ உன்னையே உதாரணமாக நிறுத்துவாய். கிளாஸ் என்றால் புரோகிராமில் ஒரு வகை ஆள். அதனிடம் ஏதாவது கேட்டால் முதலில் அது தன்னிடம் பதில் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் பெற்றவர்களிடம் போகும். பெற்றவர்கள் இருவர் என்றால், அடைப்புக்குறிக்குள் யாரை முதலில் எழுதியிருக்கிறோமோ அவரிடம் முதலில். அவர் பதில் சொல்லிவிட்டால் அங்கேயே நின்றுவிடும், அடுத்தவரைத் திரும்பியும் பார்க்காது. இருவருக்கும் பொதுவான மூத்தவர் மேலே ஒருவர் இருந்தால், அவரைக் கேட்பது எல்லாரையும் கேட்டு முடித்த பிறகுதான். "மேல போனா எல்லாருக்கும் ஒரே தமிழ்தான், ஆனா அதுக்கிட்ட கடைசியாத்தான் போகணும்" என்று நீ சொன்னதும் அறையே சிரிக்கும்.

சூப்பர் என்று எழுதினால் அது பெற்றவரைக் கூப்பிடும் என்றுதான் நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். நீ தலையை ஆட்டினாய். "பெத்தவங்க இல்லடி. வரிசையில அடுத்த ஆளு. அந்த அடுத்த ஆளு உனக்குச் சொந்தமே இல்லாம இருக்கலாம்" என்றாய். அன்றைக்கு அது வெறும் பைத்தன் விஷயம்.

அந்தத் தோட்டத்து அக்காவின் தொலைபேசி உனக்கு நினைவிருக்கும். தோட்டங்களில் ஆள்களின் அன்றாட வேலையைப் பதியும் புரோகிராமை நாம் எழுதிக் கொடுத்த முதல் வருடம். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்பார்கள். கொழுந்து குறைந்தால், நேரம் குறைந்தால், அரைப்பேர். அந்த அக்கா காலையில் மலையில் கொழுந்து எடுத்துவிட்டு, ஆள் பற்றாக்குறையால் பகலுக்குப் பிறகு பேக்டரியில் நின்றவர். நீ எடுத்து "ஓம், சொல்லுங்க" என்றாய். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. "ஏங்க, நான் விடியக்காலைப் பெரட்டுக்கு வந்ததுல இருந்து பொழுது சாயிற வரைக்கும் நின்னேங்க. எனக்கு அரைப்பேரு விழுந்திருக்குங்க. நான் பாதி ஆளுங்களா?"

பிழை உடனே தெரிந்துவிட்டது. மலையிலும் பேக்டரியிலும் வேலை செய்கிறவர்களுக்கு நாம் தனியாக ஒரு கிளாஸ் வைத்து, மலையையும் பேக்டரியையும் அதற்குப் பெற்றவர்களாக எழுதியிருந்தோம். முழுப்பேரா அரைப்பேரா என்று கேட்டதும் புரோகிராம் முதலில் மலையிடம் போயிற்று. கொழுந்து குறைவு, அரைப்பேர் என்று மலை சொல்லிவிட்டது. அதோடு சரி. நான் வரிசையை மாற்றிப் பேக்டரியை முன்னால் போட்டேன். நேரம் குறைவு, அரைப்பேர் என்றது பேக்டரி. எப்படித் திருப்பினாலும் அந்த மனுஷிக்கு அரைப்பேர்தான். இரண்டையும் கேட்டு, இரண்டு அரையையும் கூட்டிவிட்டால் ஒன்று வந்துவிடுமே என்றேன். கணக்கில் தப்பில்லை.

உனக்கு அப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "ரெண்டு எடத்துல அரை ஆளா நின்னா ஒரு எடத்துலயும் முழு ஆளா இல்லன்னு அர்த்தம். அவங்களுக்குன்னு ஒரு பேரு எழுதணும். முதல்ல அவங்களைத்தானே கேக்கணும்?" என்று சொல்லி, அந்தக் கிளாஸுக்குள்ளேயே பேர் கணக்கிடும் மெத்தடைப் புதிதாக எழுதினாய். மலைக்கும் பேக்டரிக்கும் போகிற தேவையே இல்லாமல் போயிற்று. மறுவாரம் அந்த அக்கா மறுபடி கூப்பிட்டு, முழுப்பேர் விழுந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். நீ அன்று முழுக்கப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாய்.

அந்தச் சம்பவத்தை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உன்னை வழியனுப்பிய அன்று நடந்ததைச் சொல்ல உனக்கு ஆள் இல்லை. நானே சொல்கிறேன்.

அப்பாவும் அம்மாவும் முன்பே போய்விட்டார்கள், ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி மாதம் உனக்கு இரண்டு பக்கச் சொந்தத்திலிருந்தும் தொலைபேசி வரும். சித்தப்பாவிடம் ஓம் என்பாய், மாமாவிடம் ஆமா என்பாய், வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாய். ஒரு பிற்பகல் அப்படி மூடிய கண்ணைத் திறக்காமலே என் கையைத் தடவிப் பிடித்தாய். "பெரகல, எனக்கு அரைப்பேரு போட விட்டுடாதடி. என்னைப் பதுளையிலேயே வச்சு முடிச்சிரு. சாம்பலை முழுசா ஓயா ஆத்துல விடு. அது போற வழியில யாரைப் பாக்கணுமோ பாத்துக்கும்." நான் வாயை மூடு என்றேன். அதற்கு நீ சிரித்தாய். உன் கை எவ்வளவு இலேசாகிவிட்டது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அழுகையை அடக்க முடியாமல் வெளியே ஓடிவிட்டேன்.

நீ போன மறுநாள் வீடு நிறைய ஆட்கள். யாழ்ப்பாணத்திலிருந்து சித்தப்பா வந்து இறங்கினார். மடுல்சீமையிலிருந்து மாமா வேன் நிறைய ஆட்களோடு வந்தார். இருவர் கண்களும் வீங்கியிருந்தன, அதை நான் மறைக்கமாட்டேன். உன்மேல் இருவருக்கும் பாசம் இல்லாமல் இல்லை. அண்ணனை ஊருக்குக் கொண்டுபோய் எரித்த இடத்தில்தான் அண்ணன் மகளையும் எரிக்க வேண்டும், பிள்ளையை ஊருக்குக் கொண்டுபோகிறேன் என்று சித்தப்பா நின்றார். அக்காவுக்குப் பக்கத்தில் குழி வெட்டச் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன், எங்கள் பிள்ளை மண்ணுக்குள்தான் போக வேண்டும் என்று மாமா நின்றார். அப்பா வழி முதலா, அம்மா வழி முதலா? பகல் ஏறிக்கொண்டே போயிற்று. நீ நடு அறையில் உன் நீலச் சேலையில் கிடந்தாய். இரண்டு பக்கமும் முதலிடம் கேட்டால் வரிசை எப்படி அமையும்? எனக்கு அந்தச் சிவப்பு வரிதான் கண்ணுக்குள் ஓடிற்று.

கடைசியில் சித்தப்பாதான் இறங்கி வந்தார். இங்கேயே எரிப்போம், சாம்பலில் பாதியை நான் கீரிமலைக் கடலுக்குக் கொண்டுபோகிறேன், பாதியை நீங்கள் மடுல்சீமைக்குக் கொண்டுபோங்கள் என்றார். மாமாவும் சரி என்றார். வீடே மூச்சு விட்டது. பெண்கள் தேத்தண்ணி ஊற்ற எழுந்தார்கள். எல்லாருக்கும் நியாயமாகப் பட்ட தீர்ப்பு அது.

எனக்கு மட்டும் அப்படிப் படவில்லை. நான் உனக்கு அக்காவா தங்கையா? எந்தப் பக்கத்து ஆளும் இல்லை, கூட வேலை செய்தவள். நல்லபடியாக முடிந்த பேச்சைக் கெடுக்க நான் யார் என்று ஒரு நிமிஷம் சுவரோடு சாய்ந்து நின்றேன். பிறகு வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அவளுக்கு அரைப்பேரு போடாதீங்க" என்றேன்.

சித்தப்பாவுக்கு விளங்கவில்லை. மாமா சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தோட்டத்தில் பிறந்தவர் அந்தச் சொல்லை விளங்கிக்கொள்ளாமல் இருப்பாரா? அவர் முகம் கோணிக்கொண்டு போனதைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. சித்தப்பா பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "நாள் முழுக்க நின்ன ஆள பாதி ஆளுன்னு எழுதுறதுங்க. எங்க அம்மாவுக்கு எத்தனை வாட்டி எழுதியிருக்காங்க. இங்க பாதி, அங்க பாதின்னா நாமளும் அதத்தாங்க எழுதுறோம்."

சித்தப்பா உன் தலைமாட்டில் எரிந்த விளக்கின் திரியைத் தூண்டிவிட்டார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப பிள்ளை என்ன சொன்னவ?"

காலையிலிருந்து அந்த வீட்டில் அதை முதன்முதலாகக் கேட்டவர் அவர்தான். பெற்றவர்கள் வழியில் யாரை முன்னால் வைப்பது என்று அத்தனை பேர் மல்லுக்கு நின்றார்களே தவிர, உன்னிடம் பதில் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. நீ சொன்னதை நீ சொன்னபடியே சொன்னேன், ஓயா போகிற வழியில் பார்த்துக்கொள்ளும் என்பது உட்பட. அந்த இடத்தில் மாமா உட்கார்ந்து அழுதுவிட்டார். ஆனால் யாரும் மறுக்கவில்லை.

பதுளையிலேயே எரித்தோம். மறுநாள் காலை பதுளு ஓயாவுக்குப் போனோம். மழை விட்டிருந்தது, நமுனுகுலை உச்சி வரை தெளிவாகத் தெரிந்தது. கலசம் ஒன்றுதான். சித்தப்பா ஒரு பக்கம் பிடித்தார், மாமா மறுபக்கம் பிடித்தார், இருவருமாகக் கவிழ்த்தார்கள். நீ முழுதாகப் போனாய். திரும்பி வரும்போது மறுபடி தூற, ஈரக்காலோடு இருவரும் ஒரே குடையில் நடந்தார்கள், என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை.

நான் கொஞ்சம் பின்னால் நின்றேன். சொன்னதைச் செய்துவிட்ட நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. உன்மேல் கோபம்தான் வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனவள், நாளைக்கு எரர் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று சொல்லாமல் போய்விட்டாயே என்ற கோபம். அது இன்னும் முழுதாக ஆறவில்லை.

இன்று அந்தச் சிவப்பு வரியை ஒருவழியாகத் தீர்த்தேன். இரண்டு இடத்திலும் ஒரே வரிசையாக எழுதியதும் அடங்கிவிட்டது. நீ எழுதிய அந்தப் பேர் மெத்தடைத் தொடவில்லை. யாரையும் தொட விடவும் மாட்டேன். எத்தனையோ தோட்டங்களில் காலையில் மலைக்கும் பகலில் பேக்டரிக்கும் போகிற பெண்களுக்கு அது இன்றைக்கும் முழுப்பேர் போட்டுக்கொண்டிருக்கிறது. ஆறிய தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அடுத்த வேலையைத் திறந்தபோது உன் மேசைத் தொலைபேசி அடித்தது. வழக்கமாக அதை அடித்து ஓய விட்டுவிடுவேன். இன்று எழுந்து போய் எடுத்தேன்.

ஒரு தோட்டத்திலிருந்து உன்னைத்தான் கேட்டார்கள். செய்தி அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. நீ இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வந்தது வேறு. பெரகல சந்தியில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில், எங்கள் தெருவில், எனக்குத் தெரிந்த எந்தச் சொந்தத்திலும் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"ஓம், சொல்லுங்க" என்றேன்.