துப்பாமல் விட்ட ஒரு வாய்

அன்புள்ள கஸ்தூரிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? காரணத்தோடுதான் கேட்கிறேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்று, இங்கே படித்து, விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் மாணவி கவிநிலாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அதிகம் பேர் அறியாத ஜார்ஜியா நாட்டு ஒயின்களை நம்மூர்ச் சாப்பாட்டோடு பரிமாறி, இங்கே எங்கள் ஓட்டலில் ஒரு விருந்து வைத்தோம். எந்தக் குழம்புக்கு எந்த ஒயின் என்று சமையல்காரன் நான்தான் சொல்ல வேண்டுமாம். குடிக்க மாட்டேன் என்று உன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவன் என்றேன்.

"முழுங்காதீங்கண்ணே. கொப்பளிச்சி துப்பிடுங்க. பெரிய ஆளுங்களே அப்டித்தான் ருசி பாக்கறாங்க" என்றார் முதலாளி ராஜா.

ஐந்து ஒயின்களைத் துப்பினேன். புளித்த கூழ் மாதிரி இருந்ததைக் கருவாட்டோடு சேர்த்தேன். விருந்தாளிகள் கைதட்டினார்கள். உன் புருஷன் நிபுணனாகிவிட்டான்.

ஆறாவதைக் கத்தரிக்காய்க் காரக்குழம்போடு வாயில் வைத்தேன். குழம்பு அப்படியே உன் கைப்பக்குவம். துப்பினால் அதையும் சேர்த்துத் துப்ப வேண்டும். மனம் வரவில்லை, விழுங்கிவிட்டேன்.

ஒரு வாய்தான். வரும் பௌர்ணமிக்கு எனக்காகவும் மலை சுற்றி மன்னிப்புக் கேள். கால் வலித்தால் அடி அண்ணாமலையில் ஆட்டோ பிடி, சாமி ஒன்றும் சொல்லாது.

கவிநிலா திரும்பும்போது அரைக் கிலோ புளி கொடுத்தனுப்பு. நீயும் மன்னித்துவிட்டால், உன் குழம்புத்தூளும் ஒரு பொட்டலம்.

கவிநிலாவின் டாக்ஸி வந்துவிட்டது.

அருணகிரி