மங்குஸ்தீன் வாங்கியது நானில்லை

உன் மகன் சென்ற வாரம் வேனைக் கழுவிச் சுத்தம் செய்தான். விற்கப் போகிறானாம். உள்ளே கிடந்ததில் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். நான் உன் சின்னத் தலையணையை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து உறையைக் கழற்றும்போதுதான் பார்த்தேன், ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்கு மங்குஸ்தீன் பழக் கறை. ஊதா போய்ப் பழுப்பாகிவிட்டது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சையும் உப்பும் வைத்துத் தேய்த்தேன். போகவில்லை. அந்தக் கறையைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

கனடாவில் இருக்கும் உன் தங்கை மகள் அனுப்பிய காணொளியை நீ ஓடிவந்து என்னிடம் காட்டிய நாளிலிருந்து தொடங்குகிறேன். கண்ணுக்கெட்டும் தூரம் வரை புல்வெளி. நடுவே நேராக ஒரு சாலை. அதில் ஒரு வீடே வண்டியாகப் போய்க்கொண்டிருந்தது. நினைத்த இடத்தில் நிறுத்தினார்கள், தேநீர் போட்டார்கள், மறுபடி கிளம்பினார்கள்.

"நாமளும் போவோம் டீச்சர்" என்றாய்.

"கனடாவுக்கா?"

"அதுக்கு எதுக்குக் கனடா? தஞ்சோங் காராங் வயக்காடு பத்தாதா?"

அடுத்த மாதமே ஒரு பழைய வேன் வாங்கிவிட்டாய். உன் மகன் பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில் போட்டான். ஒற்றை அடுப்பு, சின்ன மின்விசிறி, பூப்போட்ட திரைச்சீலை. வீட்டு வேன் என்று அதற்கு நீயே பெயர் வைத்தாய். முதல் பயணத்துக்கு என்னை மட்டும்தான் அழைத்தாய். அன்று முழுக்க நீ எனக்கே எனக்கு என்று நினைத்துக்கொண்டுதான் ஏறினேன்.

அந்த நினைப்பு முதல் நிறுத்தமான செரண்டாவிலேயே போய்விட்டது. சாலையோரக் கடையில் ரொட்டி சானாய்க்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பெண் "டீச்சர்!" என்று கூவிக்கொண்டே ஓடி வந்தாள். நாம் இருவருமே திரும்பினோம். அவள் கட்டிப்பிடித்தது உன்னை. பிறகு தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள்.

"ஆன்ட்டி, ஒரு படம் எடுத்துக் கொடுங்க லா. வேனும் தெரியணும். எங்க பழைய மாணவர் குரூப்ல போடணும்."

எடுத்துக் கொடுத்தேன். நன்றாகவே எடுத்தேன்.

அவளுக்கும் நான்தான் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். இருபத்தெட்டு ஆண்டுகள் ஒரே தோட்டப் பள்ளியில், எனக்கு முதலாம் ஆண்டு வகுப்பு, உனக்கு ஆறாம் ஆண்டு வகுப்பு. என்னிடம் வந்தவர்கள் எல்லாரும் உன்னிடம்தான் போய் முடித்தார்கள். சைக்கிள் ஓட்டப் பழகியதை நினைத்துப் பார். முதன்முதலில் தனியாக எந்தத் தெருவில் ஓட்டினோம் என்பது நன்றாக நினைவிருக்கும். அதற்கு முன் பின்னால் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஓடி வந்தது யார் என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கும். என்னையே கேள். என் முதலாம் ஆண்டு ஆசிரியை யார் என்று எனக்கே தெரியாது. இதெல்லாம் புரிந்திருந்தும் அன்று வயிறு எரிந்தது. எண்ணெய் நிலையத்தில் ஒருவன் உன் காலைத் தொட்டுக் கும்பிட்டான். இளநீர்க் கடையில் இன்னொருத்தி தன் குழந்தையை உன் மடியில் வைத்தாள். நான் இளநீரின் வழுக்கையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"என்ன டீச்சர், மூஞ்சி உர்ருன்னு இருக்கு?" என்றாய்.

"வெயில்."

"வேனுக்குள்ள ஏது வெயில்?" என்று சிரித்தாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கலும்பாங்கைத் தாண்டியதும் மரநிழலில் வண்டியை நிறுத்தினாய். இன்னும் கொஞ்ச தூரம் போகலாமே என்றேன். இல்லை, இங்கேதான் என்று சொல்லிவிட்டு, திரையை இழுத்துவிட்டுப் படுத்தாய். நான் வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அரைமணி நேரம் இருக்கும். ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பிடியில் ஒரு பை தொங்கியது. இறங்கியவனைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. சிவநேசன். முதலாம் ஆண்டில் மூன்று மாதம் மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தவன். வெளியே வரமாட்டேன் என்றான். நானும் அடியில் நுழைந்து உட்கார்ந்துதான் அவனுக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தேன். எழுந்திருக்கும்போது தலையை இடித்துக்கொள்வேன், அவன் சிரிப்பான்.

முப்பத்தைந்து வயது ஆள் இப்போது என் முன்னால் நின்றான். "குரூப்ல படம் பார்த்தேன் ஆன்ட்டி. கலும்பாங் வழியா போறீங்கன்னும் போட்டிருந்தாங்க. வேலையில ஒரு மணி நேரம் லீவு கேட்டுட்டு வந்தேன். டீச்சர் இருக்காங்களா? நீங்க டீச்சரோட அக்காவா?"

உன் குறட்டைச் சத்தத்தை மின்விசிறியின் இரைச்சல் மறைத்துக்கொண்டிருந்தது. நான் திரையைப் பார்த்தேன். பிறகு அவனைப் பார்த்தேன்.

"அவங்க இல்ல தம்பி. கூட்டாளி ஒருத்தங்க வந்து கார்ல கூட்டிட்டுப் போயிட்டாங்க. சாயந்திரம் ஆகும்."

அவன் முகம் வாடியதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் சும்மாவே இருந்தேன்.

"பரவால்ல ஆன்ட்டி. இத மட்டும் கொடுத்துடுங்க. டீச்சருக்கு மங்குஸ்தீன்னா உயிரு. சிவநேசன் கொடுத்தான்னு சொல்லுங்க. பரீட்ச எழுத மாட்டேன்னு ஸ்கூல் கேட் பக்கத்துல நின்னு அழுதானே, அவன்னு சொன்னா தெரியும்."

இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

நீ எழுந்து வந்து பையைப் பார்த்தாய். "ஏது இது?"

"ரோட்டோரத்துல வித்துட்டு இருந்தாங்க. வாங்கினேன்."

"எனக்குப் பிடிக்கும்னு ஞாபகம் வெச்சு வாங்கினியா!" என்று என் கன்னத்தைக் கிள்ளினாய். அன்று முழுக்க அப்படி ஒரு பார்வையை நீ யாருக்கும் தரவில்லை. அந்தப் பார்வைக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன்.

பிற்பகலில் தஞ்சோங் காராங் வந்து சேர்ந்தோம். வாய்க்கால் ஓரம் நிறுத்தினாய். நெல் பச்சையாக, கடல் பக்கம் வரை ஒரே மட்டத்தில் கிடந்தது. "கனடா தோத்துச்சு போ!" என்றாய். அடுப்பில் தண்ணீர் கொதித்தது. நீ தலையணையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பழமாக நசுக்கித் திறந்து தின்றாய். எனக்கு இரண்டுதான் கொடுத்தாய். சாறு தலையணையில் வழிந்தது அப்போதுதான்.

"கலும்பாங்ல ஏன் நிறுத்தினேன் தெரியுமா?" என்றாய். "சிவநேசன்னு ஒரு பையன். பரீட்ச அன்னிக்கு அவன் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் உக்கார வெச்சேன். அந்தப் பக்கம்தான் இருக்கானாம். படத்தப் பார்த்துட்டு வருவான்னு நெனச்சேன். வரல பாரு."

அவன் உன்னைத் தேடி வந்தான் என்பதையாவது தாங்கியிருப்பேன். நீ அவனுக்காகக் காத்து நின்றிருக்கிறாய். வந்தான், நான்தான் அனுப்பிவிட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "வேல இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தேநீரை ஆற்றினேன். வீடு திரும்பியதும் சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு தீபாவளிக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். தீபாவளிக்கு நீ இல்லை.

நேற்று செரண்டாப் பெண்ணிடம் சிவநேசனின் எண்ணை வாங்கிக் கலும்பாங்குக்குப் போனேன். தேநீர்க் கடையில் அவன் எதிரே உட்கார்ந்து, திரைக்குப் பின்னால் நீ தூங்கியது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். நான் உன் அக்கா இல்லை, அதே பள்ளி ஆசிரியை என்பதையும் சொன்னேன். அவன் குவளையைத் தள்ளி வைத்தான்.

"உள்ளதான் இருந்தாங்களா?"

"ஆமாம் தம்பி. உனக்காகத்தான் அங்க வண்டிய நிறுத்தினாங்க."

முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பழம் சாப்பிட்டாங்களா?"

"ஒன்னு மிச்சம் வைக்கல."

அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் வந்தது அவனிடமிருந்து. பிறகு மரியாதைக்காகக் கேட்டான், "நீங்க எந்த வகுப்பு டீச்சர்?" முதலாம் ஆண்டு என்றேன். நினைவுபடுத்திப் பார்த்தான், பாவம், வரவில்லை. மேசைக் கதையை நான் சொல்லவில்லை.

காட்டுவதற்காகத் தலையணை உறையை எடுத்துப் போயிருந்தேன். அவன் கறையின் மேல் விரல் வைத்துத் தடவினான். "டீச்சர், இத நான் வெச்சுக்கட்டுமா?"

கேட்டதை எல்லாம் கொடுத்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் போயிருந்தேன். ஆனால் கை தானாகவே உறையை இழுத்துக்கொண்டது. "இது வேணாம் தம்பி" என்றேன். அவன் வற்புறுத்தவில்லை.

உனக்காக அழ அவனைப் போல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எனக்கு இன்னும் பொறாமைதான். உறையை மடித்து என் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். இனி அதைத் தேய்க்கப் போவதில்லை. பழம் அவனுடையது. கறை என்னுடையது.