தெரிந்த சொல்லையே கேட்ட சம்பந்திக்கு

சம்பந்தி,

இன்று காலையும் பேப்பர் வந்து விழுந்த சத்தம் கேட்டதும் கை தானாகப் போனைத் தேடியது. அடுப்பில் பால் இருந்தது. குறுக்கெழுத்துப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு சொல்லை எழுதினேன், எழுந்தேன், வாசல்வரை போனேன், திரும்பி வந்தேன். அதற்குள் பால் பொங்கி வழிந்துவிட்டது. உங்கள் எண் இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை. நீங்கள் போய் ஒரு ஆடி கழிந்துவிட்டது. இன்னும் காலை நேரத்தில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.

என் மகள் கவிதாவுக்கும் உங்கள் மகனுக்கும் கல்யாணம் முடிந்து மூங்கில்துறைப்பட்டில் உங்கள் வீட்டுக்கு முதல்தடவை வந்த நாள் நினைவிருக்கிறதா? காப்பி குடித்தாயிற்று, வெயிலைப் பற்றிப் பேசியாயிற்று. அதற்குமேல் என்ன பேசுவதென்று அம்மாக்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நான் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தேன். நீங்கள் எழுந்துபோய் டி.வி. மேலிருந்து பேப்பரை எடுத்துவந்தீர்கள்.

"சம்மந்தி, ஆத்துக்கும் சேலைக்கும் உண்டு. ரெண்டு எழுத்து, வலமிருந்து இடம்."

"கரை."

"அதான் நானும் நெனச்சேன். மேலருந்து வர்றது ஒத்து வரலியே!"

எட்டிப் பார்த்தேன். 'டாக்டர் கொடுப்பது' என்பதற்கு 'மருந்து' என்று எழுதியிருந்தீர்கள்.

"அது மாத்திரைங்க. அதுவும் நாலு எழுத்துதான்."

நீங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து உங்கள் மகன் எட்டிப் பார்த்தார். தியாகதுருகத்தில் தையல்கடை வைத்திருக்கிற நானும் இதே பேப்பரில் இதே கட்டங்களோடு மல்லுக்கட்டுகிறேன் என்று அன்றைக்குத்தான் உங்களுக்குத் தெரிந்தது. மறுநாள் காலை நான் கடை திறக்கும் முன்னால் உங்கள் போன் வந்தது. அன்றிலிருந்து தினமும் வந்தது. எழுத்துகள் கலைந்து கிடக்கும் சொற்களை நீங்கள் நொடியில் கூட்டிவிடுவீர்கள். பழைய சினிமா, ஊர்ப் பெயர் என்றால் என்னிடம் வருவீர்கள். இடையில் பாப்பா பிறந்தாள். பிரசவ ஆஸ்பத்திரியின் பெஞ்சில்கூட நமக்கு நடுவே ஒரு புதிர் கிடந்தது.

பிறகு அந்தச் சண்டை.

கவிதாவுக்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. உங்கள் மகனுக்கு ஊரிலேயே மோட்டார் ரிப்பேர் கடை. பாப்பாவுக்குக் காய்ச்சல் அடித்த ஒருநாள், டூட்டி முடித்து அவள் வீடு திரும்பத் தாமதமாகிவிட்டது. வந்திருந்த உறவுக்காரர்கள் முன்னால் உங்கள் மகன், "புள்ளயப் பாக்காதவ இன்னா அம்மா நீ? வேலைய வுட்டுட்டு வூட்ல இரு" என்று சொல்லிவிட்டார். அவள் உடனே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் என்னிடம் வந்துவிட்டாள்.

உங்கள் போனும் நின்றுபோனது. நானும் கூப்பிடவில்லை. என்னவென்று ஆரம்பிப்பது? கடையில் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் கால் பெடலை மிதிக்காது. கை இடப்பக்கத்தை வலப்பக்கத்தோடு சேர்த்துத் தைத்துவிடும், பிரித்துத் தைப்பேன். கவிதா இங்கிருந்தே வேலைக்குப் போய்வந்தாள். ராத்திரியில் பாப்பா "அப்பா" என்று சிணுங்கினால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். என் அண்ணன் மட்டும் தினமும் வந்தார். "வக்கீல் நோட்டீஸ் வுடலாம், நான் பாத்துக்கறேன்" என்பார். வேண்டாம் என்று சொல்லவும் பயம், சரி என்று சொல்லவும் பயம்.

ஒரு காலையில் அண்ணன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது உங்கள் போன் வந்தது.  எடுத்தேன். 

"சம்மந்தி, ஒரு வார்த்த தெரியல. கரும்பு வெட்டுனப்புறம் கட்டையிலேருந்து மறுபடியும் தழையற பயிரு. அஞ்சு எழுத்து."

காலமெல்லாம் கரும்புக் கொல்லையில் நின்றவர் நீங்கள். மறுதாம்பு என்பதை என்னிடமா கேட்க வேண்டும்? நாலு வருஷம் உங்களோடு பேசிப் பழகியதில் எனக்கே அது தெரிந்திருந்தது. ஆனால் சொல்லிவிட்டால் போனை வைத்துவிடுவீர்களே!

"எனக்கும் தெரியலியேங்க. யோசிச்சி நாளைக்கிச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க, சொல்லுங்க. ஒண்ணும் அவசரமில்ல" என்றீர்கள்.

"அவங்களாண்ட இன்னா பேச்சு பேசிக்கினு இருக்கறே?" என்றார் அண்ணன்.

"ஒரு வார்த்த கேட்டாங்கண்ணே" என்றேன்.

அதன் பிறகு தினமும் கூப்பிட்டீர்கள். கவிதா எப்படி இருக்கிறாள் என்று நீங்கள் கேட்கவில்லை, உங்கள் மகனைப் பற்றி நான் கேட்கவில்லை. ஆனால் உங்கள் பக்கம் குக்கர் விசில் அடிப்பது எனக்குக் கேட்கும். என் பக்கம் பாப்பா சிரிப்பது உங்களுக்குக் கேட்கும். அவள் சிரிக்கும்போதெல்லாம் நீங்கள் பேச்சை நிறுத்திவிடுவீர்கள். நான் போனைச் சற்று அவள் பக்கமாகத் தள்ளிப் பிடிப்பேன்.

"மணிக்கட்டுல புடிச்சிப் பாப்பாங்களாம், ரெண்டு எழுத்து" என்றீர்கள் ஒருநாள்.

"மணிக்கட்டுல புடிச்சிப் பாக்கறதா? வளையா இருக்குமோ?"

"நாடிம்மா!" உள்ளே தலை வாரிக்கொண்டிருந்த கவிதா சத்தமாகச் சொன்னாள். அவ்வளவு நாளாக நம் பேச்சை அவள் காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

நான் ஸ்பீக்கரைப் போட்டேன். நீங்கள் மெதுவாக, "சரியா வருதும்மா. நாடி சரியா வருது" என்றீர்கள். எனக்கல்ல, அவளுக்கு. அவள் சீப்பைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் நின்றுவிட்டாள்.

அடுத்த வாரம் உங்கள் மகனே கூப்பிட்டார். "அத்தே, அம்மா ஒரு வார்த்த கேக்கச் சொன்னாங்க" என்று ஏதோ ஒன்றைத் தப்பும் தவறுமாகப் படித்தார். அது எந்தப் புதிரிலும் இல்லாத சொல் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. போனைக் கவிதாவின் கையில் கொடுத்துவிட்டுத் தெருவுக்கு வந்தேன். முனைவரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். பூக்காரம்மா, "இன்னாக்கா தேடறீங்க?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மகனை அழைத்துக்கொண்டு நீங்களே வந்தீர்கள். அண்ணன் எடுத்த எடுப்பிலேயே, "பெரியவங்க நாலு பேர வெச்சிப் பேசணும்" என்றார்.

"பெரியவங்கன்னு நாங்க ரெண்டு பேரு இருக்கறமே, போதாதுங்களா? எம்புள்ள பேசுனது தப்பு. அத அவனே சொல்லட்டும்."

"கோவத்துல சொல்லிட்டேன், கவிதா" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

"நாளைக்கி மறுபடியும் டூட்டி லேட்டாவும். அப்ப இன்னா சொல்லுவீங்க?"

அப்போது நீங்கள்தான், "கள்ளக்குறிச்சியிலயே ஒரு வூடு பாத்துடலாம். இவன் கடைக்கி வண்டியில போய் வரட்டும். நானும் வந்துடறேன். பாப்பாவ நான் பாத்துக்கறேன்" என்றீர்கள்.

நான் காப்பி போட உள்ளே ஓடினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிவாகியிருந்தது. கொல்லையைக் கொழுந்தனாரிடம் குத்தகைக்கு விட்டீர்கள். கோழிகளைப் பக்கத்து வீட்டில் கொடுத்தீர்கள். கணவர் கட்டிய வீட்டைப் பூட்டினீர்கள். கள்ளக்குறிச்சியில் மாடி வீடு. மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது தூரத்தில் கல்வராயன் மலை தெரிகிறது என்று போனில் சொன்னீர்கள். உங்களுக்கு அந்த இடம் பிடித்திருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, யாருமே கேட்கவில்லை. நீங்களும் சொன்னதில்லை. தினமும் சொற்களையே பேசிக்கொண்டிருந்த நமக்குள் அந்தப் பேச்சு மட்டும் வரவில்லை.

மாரடைப்பு உங்களுக்குப் பேச நேரம் கொடுக்கவில்லை. கவிதாவின் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். அவள்தான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விடவே இல்லை என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள்.

காரியம் முடிந்ததும் உங்கள் மகனும் நானும் மூங்கில்துறைப்பட்டு வீட்டைத் திறக்கப் போனோம். ஒட்டடையும் எலியும் இருக்குமென்று துடைப்பத்தோடு போனேன். உள்ளே தரை சுத்தமாக இருந்தது. தண்ணீர்ப் பானை கழுவிக் கவிழ்த்திருந்தது. நாங்கள் திகைத்து நின்றபோது பக்கத்து வீட்டம்மா வந்தாள்.

"வெள்ளிக்கெழமயானா ஒங்கம்மா வந்துடுமே. பெருக்கி மெழுவும், கோழிங்களப் பாக்கும், செத்த நேரம் வாசல்ல உக்காந்துகினு இருக்கும். ராத்திரிக்கித் தங்கிட்டுப் போயேன்னு எத்தினியோ தரம் சொல்லியிருக்கறேன். பாப்பா தேடும்னு சொல்லிட்டு பஸ்ஸுக்கு ஓடிடும்."

வெள்ளிக்கிழமைகளில் மணலூர்பேட்டைக் கோயிலுக்குப் போவதாகத்தான் எங்களிடம் சொல்லியிருந்தீர்கள். உங்கள் மகன் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். நான் அந்த வீட்டுக்குள் ஒவ்வோர் அறையாக நடந்துகொண்டே இருந்தேன்.

இப்போது பாப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். காலையில் கடைச் சாவியைத் துணைக்கிருக்கும் பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் கள்ளக்குறிச்சி பஸ் ஏறுகிறேன், கவிதா வந்ததும் திரும்புகிறேன். போகும்போது தைக்காமல் விட்ட துணி நினைவுக்கு வருகிறது. திரும்பும்போது பாப்பா சாப்பிட்டாளோ என்று இருக்கிறது. எந்த ஊரில் இறங்கினாலும் பாதி மனசு பஸ்ஸிலேயே இருக்கிறது. இப்படித்தான் நீங்களும் வெள்ளிக்கிழமை தோறும் அந்த வாசலிலிருந்து எழுந்து வந்திருப்பீர்கள், ஒருவரிடமும் சொல்லாமல். சொல்லாமலிருக்க எனக்குத் தெரியவில்லை, சம்பந்தி. நேற்று கவிதாவிடம், "இன்னிக்கி முடியலடி, ஒரு நாள் லீவு போடு" என்றேன். அவள் சரியென்று போட்டாள்.