சீப்ராண்டின் சிவப்பு வட்டம்

மார்ச் 4, திங்கள்

சுவரொட்டி வந்துவிட்டது. ஓவியர் ஃபோல்க்மார் சீப்ராண்டின் தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு நான் நடத்தும் ஊர் அருங்காட்சியகத்தில் கண்காட்சி. நடுவில் 1959-இல் அவர் வரைந்த 'ஏழாம் எண்': தாரும் மணலும் குழைத்த கறுப்பு, வலது மூலையில் ஒரு சிவப்பு வட்டம். மேயர் கோனெர்ட்டுக்கு அந்த வட்டத்தின்மேல் ஒரே காதல். குடையில் வட்டம், கோப்பையில் வட்டம். பேக்கரியில் வட்டம் வைத்த கேக்.

கூட்டம் வராவிட்டால் அருங்காட்சியகத்தை மூடிச் சுற்றுலா அலுவலகம் ஆக்கிவிடுவார்கள். அதனால் எனக்கும் வட்டம் பிடித்துத்தான் ஆகவேண்டும்.

மார்ச் 12, செவ்வாய்

சீப்ராண்ட் வந்தார். அந்தக் காலத்தில் 'ரோடு போடுறவன்' என்று இந்த ஊர் கேலி செய்தே துரத்திய மனிதர். நேரே ஏழாம் எண் முன் போய் நின்றார். கண் கலங்குவார் என்று கைக்குட்டையோடு காத்திருந்தேன்.

"கறுப்பு பெயிண்ட் இருக்காம்மா?"

"எதுக்குங்க?"

"அந்தச் சிவப்பை மூடணும்."

மார்ச் 13

இரவல் படம்! காப்பீட்டில் தீ, வெள்ளம், திருட்டு எல்லாம் இருக்கிறது. வரைந்தவரே வந்து வரைவது இல்லை. ஓவியரிடமிருந்து படத்தைக் காக்கக் காவலாளி டீட்லெஃபை நிறுத்தினேன். மதியத்துக்குள் ஒரு சண்டை.

"நான் போட்ட படம்யா இது!"

"இருக்கட்டுங்க. தரையில இருக்கிற கோட்டைத் தாண்டாதீங்க."

ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டேன்.

"அப்ப சாப்பாட்டுக்கே வழியில்ல. பல் டாக்டர் ஹாம்பிராக் இந்தப் படத்தை வாங்க வந்தாரு. 'ஒரே இருட்டா இருக்கே, கொஞ்சம் கலர் போடேன்'னாரு. போட்டேன். அன்னைலேர்ந்து எல்லாரும் அந்தச் சிவப்புப் பொட்டைத்தான் புகழ்றாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் மட்டும் அந்தச் சிவப்பை விட்டு நகரவில்லை. இப்போது விட்டால் இந்தத் தொண்ணூறு வயது மனுஷனுக்கு வேறு எப்போது வாய்ப்பு?

மார்ச் 14

படத்தின் சொந்தக்காரி, பல் டாக்டரின் மனைவி ஓர்ட்ருட் ஹாம்பிராக். டாக்டர் இறந்து பல வருடம் ஆகிறது. விஷயத்தைச் சொன்னதும் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். போச்சு, படத்தைத் திருப்பிக் கேட்கப் போகிறார் —

"அப்பாடா! சாப்பிடுற இடத்துல ரத்தக்கறை மாதிரி! அவருக்குப் பிடிச்சிருந்துச்சேன்னு வாயை மூடிட்டிருந்தேன். தாராளமா மூடச் சொல்லு."

மேயரிடம் யார் சொல்வது? நானில்லை.

மார்ச் 16

மூடினார். ஒரே இழுப்பு. பிறகு உட்கார்ந்து ஆப்பிள் தின்றார்.

மார்ச் 17, ஞாயிறு

திறப்பு விழா. மேயர் படத்துக்கு முதுகைக் காட்டி நின்று பேசினார்.

"இந்தச் சிவப்பு வட்டம்தான் நம்ம ஊரோட இதயம்!"

முன்வரிசையில் யாரோ, "எங்கங்க இதயம்?" என்றார்கள்.

மேயர் திரும்பினார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ரோஸ்விதா! யார் வேலை இது?"

"என் வேலைதான்," என்றார் சீப்ராண்ட். "கொஞ்சம் தாமதமாயிருச்சு."

மண்டபமே சிரித்தது. கைதட்டல் நிற்கவே இல்லை. மேயரும் தட்டினார், வேறு வழி?

ஏப்ரல் 9

இல்லாத வட்டத்தைப் பார்க்க வரிசை! காசெல் நகரத்திலிருந்துகூட வருகிறார்கள். சுற்றுலா அலுவலகப் பேச்சையே காணோம். மிஞ்சிய குடைகளை மேயர் 'இனி கிடைக்காது' என்று விற்கிறார்.

மே 26, ஞாயிறு

கண்காட்சி முடிந்து வீடு திரும்பிய படம் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்க ஹாம்பிராக் வீட்டுக்குப் போனேன். சீப்ராண்ட் உருளைக்கிழங்கு உருண்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஞாயிறுதோறும் ரயிலேறி வந்துவிடுகிறாராம். படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"இந்தப் பக்கம் உட்காரலாமே, படம் தெரியும்," என்றேன்.

"அது முடிஞ்சிருச்சும்மா," என்றவர், தட்டை ஓர்ட்ருட் பக்கம் நீட்டினார். "இன்னும் ஒரு உருண்டை வை."